வெந்த சொல், வேகாத பொருள்: சீனம் பேசுகிறவர்களை அலைக்கழிக்கும் ‘ரன்’

சிங்கப்பூரில் இரண்டு வருடம், சீனாவின் செங்டு நகரத்திலிருந்து வந்த ஒருவரோடு வாடகை வீட்டைப் பகிர்ந்துகொண்டேன். கணக்கில் புலி. ஆங்கிலம் எழுதினால் இலக்கணப் பிழை ஒன்றுகூட இருக்காது. ஒரு நாள் காலை அவசரமாகக் கிளம்பும்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டுப் போனேன்: ‘மில்க் இஸ் ரன்னிங் அவுட்.’ பால் தீரப்போகிறது, வரும்போது வாங்கி வாருங்கள் என்று அர்த்தம். சாயங்காலம் வந்து பார்த்தால் புதுப் பால் இல்லை. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு மட்டும் பளிச்சென்று துடைத்திருந்தது. இருந்த பால் பாக்கெட்டை ஒரு கிண்ணத்துக்குள் நிமிர்த்தி வைத்திருந்தார். பால் வெளியே ஒழுகி ஓடுகிறதாம்!

அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ‘ரன் அவுட்’ என்பதை நான் முதலில் கேட்டது தெரு கிரிக்கெட்டில். ஸ்டம்பில் பந்து பட்டால் வெளியே போகவேண்டும், அவ்வளவுதான் அந்த வயதில் அதற்குப் பொருள். பால் எப்படி ரன் அவுட் ஆகும் என்று யாராவது கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன்.

அவர் செய்ததை யோசித்துப் பாருங்கள். ‘ரன்’ என்றால் ஓடுவது, திரவமாக இருந்தால் ஒழுகுவது. ‘அவுட்’ என்றால் வெளியே. இரண்டையும் சரியாகக் கூட்டியிருக்கிறார். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது என்றால் உண்மையில் என்ன என்பதைப் பார்த்தால்தான் விடை எங்கே தப்பியது என்று புரியும்.

அகராதி காட்டும் பட்டியலும் அதனால் வரும் குழப்பமும்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1928இல் நிறைவடைந்தபோது, அதிகப் பொருள் கொண்ட சொல்லாக இருந்தது ‘செட்’. மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையில் அந்தப் பட்டத்தை ‘ரன்’ பறித்துக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் என்று 2011இல் செய்தி வந்தது. அந்த ஒரே ஒரு சொல்லைப் பிரித்து அடுக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

இந்த எண்ணைக் கேட்டதும் மக்கள் இரண்டு முடிவுக்கு வருகிறார்கள். ஆங்கிலம் ஒழுங்கில்லாத மொழி என்பது ஒன்று. சீனத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பொருள், அங்கே இந்தத் தொல்லை இல்லை என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. முதல் தப்பைப் புரிந்துகொள்ள வீட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம், நம்முடைய ‘ஓடு’ போதும்.

பையன் ஓடுகிறான். ஆறு ஓடுகிறது. மோட்டார் ஓடுது, கடிகாரம் ஓடுது. படம் நூறு நாள் ஓடியது. ஏதோ பொழப்பு ஓடுது. கடன்காரனுக்குப் பயந்து ஊரை விட்டே ஓடிட்டான். இன்னைக்கு மூளையே ஓடல. இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து நமக்குச் சொல்லித்தரவில்லை, நாமும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. ஒன்றைக் கேட்டதும் அடுத்தது தானாகப் புரிந்துவிட்டது. தொல்காப்பியம் இப்படிப்பட்ட சொல்லைப் ‘பலபொருள் ஒரு சொல்’ என்கிறது. பக்கத்தில் வரும் வினையைப் பார்த்துப் பொருளைப் பிரித்துக்கொள் என்று வழியும் சொல்கிறது. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் விலங்கு.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். கூரை மேல் போடும் ஓடும் ஆமையின் முதுகில் இருக்கும் ஓடும் ‘ஓடு’தான். ஆனால் பையன் ஓடுவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஒலி தற்செயலாக ஒத்துப்போன இரண்டு தனிச் சொற்கள் அவை. இவற்றை ஒப்புருச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஓடுவதும் படம் ஓடுவதும் அப்படியல்ல, அவை ஒரே வேரில் கிளைத்தவை. ‘ரன்’னுடைய 645இல் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. நம் ‘ஓடு’ போல.

இதுவரை பார்த்தது: ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்தின் வியாதி அல்ல, எல்லா மொழியிலும் நடப்பது. அந்தப் பொருள்கள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். அகராதி அவற்றை வரிசையில் நிற்கவைப்பதால் உறவு கண்ணில் படுவதில்லை.

நடுவில் இருப்பது கால் அல்ல

சரி, ‘ரன்’னுடைய கிளைகளை எது சேர்த்துப் பிடித்திருக்கிறது? பல பொருள்களுக்கும் அடியில் கிடக்கும் ஒரு பொதுப் படத்தை மையப்பொருள் என்கிறோம். ‘ரன்’னுக்கு மையப்பொருள் காலால் ஓடுவது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பள்ளிக்கூடப் படப்புத்தகத்தில் இருப்பதும் ஓடுகிற பையன்தான். ஆனால் இந்தச் சொல்லின் பழைய ஆங்கில வடிவமே ஓடுவது, நீர் பாய்வது இரண்டையும் குறித்தது. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான ‘ரின்னன்’ இன்றும் நீர் வழிவதையே குறிக்கிறது. அப்படியானால் மூக்கு ‘ரன்’ ஆவதைக் கவிதைக் கற்பனை என்று சொல்லவேண்டியதில்லை. அது பிறந்த வீட்டுச் சொத்து.

மையத்தில் இருப்பது இது: நிற்காமல், ஒரு தடத்தில், தொடர்ந்து போய்க்கொண்டிருப்பது. இதைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். குழாயில் தண்ணீர் நிற்காமல் போகிறது. இயந்திரம் நிற்காமல் சுற்றுகிறது. நாடகம் மூன்று வருடம் நிற்காமல் நடக்கிறது. மலையடிவாரத்தை ஒட்டிப் பாதை நீண்டுகொண்டே போகிறது. கடையை நிற்காமல் நடக்கவைத்தால் ஒருவர் அந்தக் கடையை ‘ரன்’ செய்கிறார். இருந்தது எல்லாம் ஓடி முடிந்தால்? அதுதான் ‘ரன் அவுட்’. பால் காலி.

ஒவ்வொரு கிளையும் மையத்திலிருந்து அரையடி தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கிளையிலிருந்து கிளை, அதிலிருந்து இன்னொரு கிளை என்று போனால், கடைசிக் கிளைக்காரருக்கு முதல் கிளைக்காரரை அடையாளம் தெரியாது. பால் தீர்வதையும் பையன் ஓடுவதையும் நேரடியாக ஒட்டவைக்க முயன்றால் தலைவலிதான் வரும்.

எந்தக் கிளை முளைக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லமுடியாது. ஆங்கிலேயர் கடையை ஓட்டுகிறார், நாம் கடையை நடத்துகிறோம். ‘நடத்து’ என்பது ‘நட’வின் மகன்தானே! அமெரிக்காவில் தேர்தலில் ஓடுகிறார்கள், பிரிட்டனில் தேர்தலில் நிற்கிறார்கள், நாமும் நிற்கிறோம். ஒரே ஆங்கிலத்துக்குள்ளேயே ஒருவர் ஓட, இன்னொருவர் நிற்க, இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். துவைத்தால் ஆங்கிலச் சட்டையின் சாயம் ஓடுகிறது, தமிழ்ச் சட்டையின் சாயம் போகிறது, சீனச் சட்டையின் சாயம் விழுகிறது.

காலும் தண்ணீரும்

இப்போது சீனத்துக்கு வருவோம். நான் சொல்வது சீனாவின் பொதுமொழியான மாண்டரின். சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஏற்ற இறக்கச் சுரம் தொலைந்துபோகும், மாண்டரின் தெரிந்தவர்கள் மன்னிக்கவேண்டும்.

சீனப் பிள்ளை ‘ரன்’னுக்குப் பக்கத்தில் முதலில் எழுதிக்கொள்ளும் சொல் ‘பாவ்’. ஓடு என்று பொருள். அந்த எழுத்தைக் கவனித்தால் இரண்டு பாதி தெரியும். வலது பாதி ஒலியைச் சொல்கிறது, இடது பாதி ஒரு கால். சும்மா சொல்லவில்லை, காலைக் குறிக்கும் எழுத்தே சற்று ஒடுங்கி அங்கே நிற்கிறது. மூக்கு ஒழுகுவதற்கும் ஆறு பாய்வதற்கும் ‘லியூ’ என்று வேறு சொல். அதன் இடப்பக்கம் மூன்று துளித் தண்ணீர். ஆங்கிலம் ஒரே பானையில் போட்ட காலையும் தண்ணீரையும் சீன எழுத்து கண்ணெதிரிலேயே தனித்தனியாக வைத்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து எழுதிப் பழகியவரிடம் போய், மூக்கும் பையனும் ஒரே வினையைச் செய்கிறார்கள் என்றால் அவர் என்னதான் செய்வார்?

கால், தண்ணீர் என்ற இரண்டோடு இது நிற்பதில்லை. இயந்திரமும் ரயிலும் இயங்குவது ‘யுன்ஸிங்’. தொழில் நடத்துவது ‘ஜிங்யிங்’. தேர்தலில் போட்டியிடுவது ‘ஜிங்ஸ்வென்’. பயன்படுத்தித் தீர்ப்பது ‘யுங்வான்’. இன்றைய சீனத்தில் இப்படி இரண்டு அசையைச் சேர்த்துச் சொல்லைக் கட்டுவது மிகச் சாதாரணம். ஓர் அசை தனியாக நின்றால் பல பொருள் தரும், பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்ததும் பொருள் ஒடுங்கித் தெளிவாகிவிடும். ஆங்கிலத்தின் ‘ரன்’ துணையில்லாமல் தனியாகவே வந்து நிற்கும். எந்தப் பொருள் என்று சுற்றியிருக்கும் வாக்கியம்தான் சொல்லவேண்டும்.

என் வீட்டுத் தோழரின் சொல் நோட்டைப் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் ‘ரன்’ என்று ஒரு தடவை எழுதி, வலது பக்கம் பதினான்கு சீனச் சொற்களை நெருக்கி எழுதியிருந்தார். பார்த்தால் ஒரு சின்ன வீட்டில் பதினான்கு வெவ்வேறு குடும்பம் குடியிருப்பது போல இருந்தது. பால் விஷயம் பன்னிரண்டாவது வரியில் இருந்ததாம். சீட்டைப் படித்த அன்று அவ்வளவு தூரம் ஞாபகம் போகவில்லை.

சுருக்கமாக: ஆங்கிலக்காரர் மனத்தில் ‘ரன்’ ஒரே சொல், பல கிளை. சீனம் பேசுகிறவருக்கு அது சம்பந்தமில்லாத பல சொற்களுக்கு ஒரே மாதிரி போட்ட முகமூடி.

‘பாவ்’ சும்மா இருக்கிறதா?

இரண்டாவது தப்பான நம்பிக்கையைச் சொன்னேன் அல்லவா, சீனத்தில் ஓர் எழுத்துக்கு ஒரே பொருள் என்று. இல்லவே இல்லை. ‘பாவ்’ தன் பாட்டுக்குக் கிளைவிட்டிருக்கிறது. டயரில் காற்று இறங்கினால் காற்று ‘பாவ்’. கட்டுரை தலைப்பை விட்டு விலகினால் தலைப்பு ‘பாவ்’. பாட்டில் சுதி விலகினாலும் ‘பாவ்’தான். ஓடியாடி வெளிவேலை செய்துகொடுப்பது காலை ‘பாவ்’ செய்வது. இந்தக் கடைசி ஒன்றில் மட்டும் ஆங்கிலமும் சீனமும் கை குலுக்குகின்றன. இப்போது கம்ப்யூட்டர்காரர்கள் நிரலையும் ‘பாவ்’ செய்கிறார்கள், ஆங்கிலத்தில் ‘ரன்’ செய்வது போலவே.

மையம் இடம்பெயர்வதும் உண்டு. இன்று மாண்டரினில் ‘ஸோவ்’ என்றால் நடப்பது. பழைய சீனத்தில் அதே சொல்லுக்குப் பொருள் ஓடுவது. அதன் பண்டை வடிவம் கைகளை வீசி ஓடும் ஒரு மனிதன், அடியில் ஒரு பாதம். குதிரையை ‘ஸோவ்’ செய்துகொண்டே பூப் பார்ப்பது என்று ஒரு பழமொழி இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போவதைச் சொல்வார்கள். அங்கே குதிரை நடக்கவில்லை, பாய்கிறது. ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸில் நடப்பதற்கு வேறு சொல் இருக்கிறது, ‘ஸோவ்’வின் உறவுச் சொல் அங்கே இன்னும் ஓட்டத்தைத் தக்கவைத்திருக்கிறது.

விளக்கைத் திறப்பவர்கள்

‘ரன்’னில் தொல்லை புரியாமல் போவது. இன்னொரு வகைத் தொல்லையில் எல்லாம் புரிந்துவிடும், ஆனால் வாயிலிருந்து தப்பாக வரும். அதற்குச் சீனத்தின் ‘காய்’ என்ற சொல்தான் நல்ல காட்சி.

‘காய்’ என்றால் திற. அதன் மரபு வடிவ எழுத்தில் ஒரு வாசல், உள்ளே தாழ்ப்பாளைத் தூக்கும் இரண்டு கை. சீனாவில் இப்போது எழுதும் எளிய வடிவத்தில் வாசல் போய்விட்டது, உள்ளே இருந்தது மட்டும் மிச்சம். கதவு, விளக்கு, டிவி எல்லாவற்றையும் ‘காய்’. கார் ஓட்டுவதும் ‘காய்’. கூட்டம் போடுவது, கடை நடத்துவது, பூ மலர்வது எல்லாம் ‘காய்’. கொதித்த தண்ணீர் ‘காய் ஷுவெய்’. மனம் திறந்தால் ‘காய் ஸின்’, மகிழ்ச்சி என்று பொருள்.

‘ஓப்பன்’ என்பதற்கு நேராக ‘காய்’ என்று எழுதிக்கொண்ட பிள்ளை, விளக்கைப் போடச் சொல்லும்போது ‘ஓப்பன் த லைட்’ என்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதை நாள் முழுக்கக் கேட்கலாம். மலாயிலும் விளக்கைத் திறப்பதே வழக்கம் என்பதால் அங்கே இது இரட்டை வேரோடு நிற்கிறது, தமிழர் வாயிலும் வரும். ஊரில் நாம் விளக்கையும் ஃபேனையும் ‘போடுகிறோம்’. அதை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டி ‘புட் த ஃபேன்’ என்பவர்கள் நம்மில் கொஞ்சமா?

எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறு. ‘விமான நிலையத்துக்குக் காரை ஓப்பன் செய்துகொண்டு போனேன்’ என்று என் வீட்டுத் தோழர் ஒரு நாளும் சொன்னதில்லை. விளக்கைத் திறந்த அதே மனிதர் காரைத் திறக்கவில்லை. ஓட்டுவதற்கு ‘டிரைவ்’ என்ற தனிச் சொல்லைச் சீக்கிரமே படித்துவிடுகிறார்கள், அந்த இடம் நிரம்பிவிடுகிறது. காலியாக இருக்கும் இடத்தில்தான் தாய்மொழி போய் உட்காரும்.

‘அவுட்’ செய்த வேலை

ஃப்ரிட்ஜுக்குத் திரும்புவோம். ஒரு வினையோடு ‘அவுட்’, ‘அப்’, ‘ஓவர்’ போன்ற ஒரு குட்டிச் சொல் ஒட்டி, இரண்டும் சேர்ந்து புதுப் பொருள் தருவதைக் கூட்டுவினை என்று சொல்லலாம். சீனம் பேசுகிறவர்களுக்கு இப்படி இரண்டைக் கோப்பது புதிதல்ல. குடித்துத் தீர்ப்பது ‘ஹெ வான்’: ‘ஹெ’ குடிப்பது, ‘வான்’ முடிவது. நாமும் குடித்து முடித்தோம், எழுதி முடித்தோம் என்கிறோம். இந்தக் கோப்பில் முதல் பாதி என்ன செய்தோம் என்று சொல்லும், இரண்டாம் பாதி என்ன ஆனது என்று சொல்லும். தனித்தனியாகப் படித்துக் கூட்டினால் பெரும்பாலும் விடை வந்துவிடும்.

‘ரன் அவுட்’டில் அப்படிக் கூட்டினால் கிண்ணம்தான் கிடைக்கும். இங்கே ‘அவுட்’ வெளியே என்ற இடத்தைக் காட்டவில்லை, விளக்கு ‘அவுட்’ ஆவது போல இருந்தது இல்லாமல் போவதைக் காட்டுகிறது. இந்த வம்பே வேண்டாம் என்று நிறைய சீன மாணவர்கள் கூட்டுவினைகளைத் தொடாமல் ஒதுங்கிப்போவதை மொழி கற்பித்தலை ஆராய்கிறவர்கள் கவனித்திருக்கிறார்கள். ஒற்றைச் சொல் இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். பேச்சு பிழையில்லாமல் இருக்கும், ஆனால் பக்கத்து வீட்டில் உப்பு கேட்கப் போனாலும் விண்ணப்பம் எழுதுவது போல ஒலிக்கும்.

வெந்ததும் வேகாததும்

சீனாவில் 2001க்குப் பிறகு தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் வந்துவிட்டது. முடிவில் காத்திருப்பது ‘காவ்காவ்’ என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு. அகர வரிசையில் அடுக்கிய சொல் புத்தகத்தோடு அதற்குத் தயாராவார்கள். அதில் முதலில் வருவது ‘அபான்டன்’, கைவிடு. முதல் சொல்லிலேயே எல்லாரும் கைவிட்டுவிடுகிறார்கள் என்பது அங்கே பழைய ஜோக்.

அந்தத் தேர்வுக்குத் தயார்செய்கிறவர்களிடம் அருமையான ஒரு பெயர் புழங்குகிறது: ‘ஷூ ட்ஸு ஷங் யி’. தெரிந்த சொல், தெரியாத பொருள். ‘ஷூ’ என்றால் பழகியது என்று பொருள், வெந்தது என்றும் பொருள். ‘ஷங்’ என்றால் பழகாதது, பச்சையானது. ஆக அப்படியே எடுத்தால் வெந்த சொல், வேகாத பொருள். பெயரே பலபொருள் ஒரு சொல்லால் கட்டியது! தெரியாத சொல் வந்தால் மாணவன் அகராதியைப் புரட்டுவான். ‘ரன்’ வந்தால் புரட்டமாட்டான், தெரிந்த சொல்தானே என்று கடந்துபோவான். வழுக்குவது அங்கேதான்.

பட்டியலை உருப்போடுவதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று பிறகு அவரும் நானும் செய்து பார்த்தோம். நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு சின்ன ஓடை வரைந்தார். ‘நிற்காமல் போய்க்கொண்டே’ என்று அடியில் எழுதினார். புதிதாக ஒரு ‘ரன்’ எங்கேயாவது கண்ணில் பட்டால், வாக்கியத்தோடு கொண்டுவந்து ஓடையில் ஒட்டவைப்பார். பேருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ‘ரன்’. கடை பெரியப்பா பையனால் ‘ரன்’. ஒட்டாததைத் தனியாக மூலையில் வைப்பார். காய்ச்சலை ‘ரன்’ செய்வது கடைசிவரை மூலையிலேயே கிடந்தது. அதை மட்டும் உருப்போட்டுவிடுங்கள் என்றேன். காய்ச்சல் நமக்கு ‘அடிக்கிறது’, அதற்கு நாம் என்ன விளக்கம் சொல்லமுடியும்?

எல்லாவற்றுக்கும் மையத்தைத் தேடிப் போனால் கதை கட்டவேண்டியிருக்கும். பாதிக்கு மேல் ஓடையில் ஒட்டினால் போதும், மீதி பழக்கத்தில் வரும்.

தலைகீழாக ஓடிய ஒரு சொல்

2022 வசந்த காலத்தில் ஷாங்காய் இரண்டு மாத அளவுக்குக் கொரோனா ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்தபோது, சீன இணையத்தில் ஒரு சொல் பரபரவென்று பரவியது. ஈரப்பதம், வளப்பம் என்ற பொருளுடைய பழைய எழுத்து அது, லாபம் என்ற சொல்லிலும் வரும். சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறையில் அதை எழுதினால் எழுத்துக்கு எழுத்து ஆங்கில ‘ரன்’ போலவே இருக்கும். உச்சரிப்பு வேறு, கிட்டத்தட்ட ‘ழுன்’. நம் ழகரம் அங்கே நன்றாகவே கைகொடுக்கிறது.

எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருப்பதை வைத்து, நாட்டை விட்டுக் கிளம்பிப் போவது என்ற பொருளை அதில் ஏற்றினார்கள். எங்கே போவது, எப்படிப் போவது என்று பேசுவதற்கு ‘ழுன் ஷுவே’, அதாவது ழுன் கல்வி என்று ஒரு படிப்பின் பெயரையே சூட்டினார்கள். அந்த எழுத்தின் இடப்பக்கம் இருப்பது கால் அல்ல. மூன்று துளித் தண்ணீர்.